புளிக்காத கறியில் அமிலம் எங்கிருந்து வருகிறது?

எலுமிச்சம்பழம் புளிக்கிறது. நாக்கில் பட்டதும் கண் சுருங்குகிறது. அதன் சாறு அமிலம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆட்டுக்கறி புளிப்பதில்லை. ஆனால் உணவையும் அமிலத்தையும் பற்றிய எந்தப் பட்டியலை எடுத்தாலும் எலுமிச்சை 'காரம் தரும் உணவு' என்ற பக்கத்தில் இருக்கும். கறி 'அமிலம் தரும் உணவு' என்ற பக்கத்தில் இருக்கும். நாக்கு சொல்வதற்கு நேர்மாறாகப் பட்டியல் சொல்கிறது.

இந்தக் குழப்பத்துக்குள் இப்போது இன்னொரு கட்சியும் நுழைந்திருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சமைக்காத இறைச்சியையே பிரதான உணவாகக் கொள்ளும் ஒரு சிறு கூட்டம் உண்டு. தீயில் வெந்த கறிதான் உடலை அமிலமாக்கும், பச்சைக் கறி அப்படிச் செய்யாது என்பது அவர்களில் சிலரின் வாதம். காய்கறிக் கட்சியினர் இதை ஒப்புக்கொள்வதில்லை. வெந்தாலும் வேகாவிட்டாலும் கறி ரத்தத்தை அமிலமாக்கும், கடைசியில் எலும்பைக் கரைக்கும் என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இரு தரப்பும் சான்றாக நீட்டுவது மருந்துக்கடையில் கிடைக்கும் அதே சிறுநீர்ச் சோதனைத் தாளைத்தான். வாதியும் பிரதிவாதியும் ஒரே சாட்சியைக் கூட்டிவந்தால், முதலில் அந்தச் சாட்சியைத்தான் விசாரிக்க வேண்டும்.

அமிலத்தன்மையை அளக்கும் 'பிஎச்' என்ற அளவுகோல் பீர் தயாரிக்கும் இடத்தில் பிறந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டென்மார்க் வேதியியலாளர் சோரன் சோரன்சென் 1909இல் அதை வகுத்தார். அதில் 7 நடுநிலை. அதற்குக் கீழே போகப் போக அமிலம், மேலே ஏற ஏறக் காரம். இங்கே காரம் என்றால் மிளகாயின் உறைப்பு அல்ல. சமையல் சோடாவுக்கும் சுண்ணாம்புத் தண்ணீருக்கும் உள்ள குணம். இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடிவிட்டது என்று பொருள். இரண்டு படி இறங்கினால் நூறு மடங்கு.

'உடலின் பிஎச்' என்று பலர் பேசுகிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. இரைப்பைக்குள் அது ஏறத்தாழ 1.5 முதல் 3.5 வரை, அங்கே சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ரத்தத்தில் 7.35 முதல் 7.45 வரை, அதாவது மிக லேசான காரம். இந்த இரண்டுக்கும் இடையே லட்சம் மடங்கு வித்தியாசம் இருந்தும் இரண்டும் ஒரே உடலுக்குள் சில விரற்கடை தூரத்தில் நிம்மதியாக இருக்கின்றன. சிறுநீர் மூன்றாவது வகை. ஆரோக்கியமான ஒருவருக்கே அது 4.5க்கும் இறங்கும், 8க்கும் ஏறும். காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் இன்னொன்று. ரத்தத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ரத்தத்தின் பிஎச் 6.8க்குக் கீழே விழுந்தாலோ 7.8க்கு மேலே போனாலோ உயிர் தங்குவது அரிது.

சாப்பிடும் பொருளுக்கும் சிறுநீரின் அமிலத்துக்கும் உள்ள தொடர்பை அழகாகப் பிடித்துக் காட்டியவர் பிரெஞ்சு உடலியங்கியலாளர் க்ளோட் பெர்னார்ட். ஒருநாள் பாரிஸில் அவருடைய ஆய்வுக்கூடத்துக்குச் சந்தையிலிருந்து முயல்களை வாங்கிவந்தார்கள். மேசைமேல் விட்டதும் அவை சிறுநீர் கழித்தன. அந்தச் சிறுநீர் தெளிவாக இருந்தது, அமிலமாகவும் இருந்தது. வேறொருவர் என்றால் மேசையைத் துடைத்துவிட்டு வந்த வேலையைப் பார்த்திருப்பார். பெர்னார்டுக்கு அது உறுத்தியது. புல் தின்னும் பிராணியின் சிறுநீர் கலங்கலாகவும் காரமாகவும் இருக்க வேண்டும். தெளிந்த அமிலச் சிறுநீர் புலால் உண்ணும் விலங்குகளுக்கு உரியது. முயலுக்கு அது எப்படி வந்தது?

அவருடைய ஊகம் எளிமையானது. சந்தையில் வெகுநேரம் அவற்றுக்கு யாரும் தீனி போட்டிருக்க மாட்டார்கள். பட்டினி கிடக்கும் முயல் தன் உடலின் சதையையே எரித்து உயிர் வாழ்கிறது. அந்த நேரத்தில் அதுவும் புலால் உண்ணிதான்! ஊகத்தோடு அவர் நிற்கவில்லை. முயல்களுக்குப் புல் கொடுத்தார். சில மணி நேரத்தில் சிறுநீர் கலங்கிக் காரமானது. மீண்டும் ஒரு நாள், ஒன்றரை நாள் பட்டினி போட்டார், தெளிந்து அமிலமானது. பலமுறை மாற்றி மாற்றிச் செய்தும் முடிவு மாறவில்லை. குதிரையிலும் அதே கதை. பிறகு கடைசி ஆணியை அடித்தார். முயல்களுக்கு வேகவைத்து ஆறிய மாட்டிறைச்சியைக் கொடுத்தார். வேறு எதுவும் கிடைக்காதபோது முயல் அதை நன்றாகவே தின்னும் என்று எழுதியிருக்கிறார். கறி தின்ற காலம் முழுக்கச் சிறுநீர் தெளிவாக, அமிலமாக இருந்தது. 1865இல் வந்த 'பரிசோதனை மருத்துவ ஆய்வுக்கு ஓர் அறிமுகம்' என்ற நூலில் இதை அவர் விவரித்திருக்கிறார். அப்படிக் கறி தின்ற முயல் ஒன்றை அறுத்துப் பார்த்தபோதுதான் கணையநீருக்கும் கொழுப்புச் செரிமானத்துக்கும் உள்ள தொடர்பும் அவர் கண்ணில் பட்டது. அது தனிக் கதை.

இந்தச் சோதனையிலிருந்து நமக்கு வேண்டியவை இரண்டு. சிறுநீரின் அமிலத்தைத் தீர்மானிப்பது பிராணியின் இனம் அல்ல, அது எதை எரிக்கிறது என்பது. இரண்டாவது, பெர்னார்டின் முயல் பட்டினியில் எரித்தது தன் சொந்தப் பச்சைச் சதை. பிறகு தின்றது வெந்த மாட்டுக்கறி. இரண்டிலும் விளைவு ஒன்றுதான்.

சரி, புளிக்காத கறியில் அமிலம் எங்கே ஒளிந்திருக்கிறது? புரதத்தில். புரதங்கள் அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் மெத்தியோனின், சிஸ்டீன் என்ற இரண்டில் கந்தகம் இருக்கிறது. உடல் அவற்றை எரிக்கும்போது அந்தக் கந்தகம் கந்தக அமிலமாகிறது. பேட்டரிக்குள் இருக்கும் அதே அமிலம், மிகச் சிறிய அளவில். கறியில் உள்ள பாஸ்பரஸும் தன் பங்குக்கு அமிலச் சுமையைக் கூட்டுகிறது. இந்த அமிலம் தட்டில் இருப்பதில்லை, கறி செரித்து உயிரணுக்களுக்குள் எரிந்த பிறகே உருவாகிறது. அதனால்தான் நாக்குக்குத் தெரிவதில்லை.

எலுமிச்சையின் கதை இதற்கு நேரெதிர். அதில் உள்ள சிட்ரிக் அமிலம் நாக்குக்குப் புளிப்பு. ஆனால் உடல் அதை முழுவதுமாக எரித்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடுகிறது. வாயு மூச்சில் போய்விடும். பழத்தில் சிட்ரிக் அமிலத்தின் ஒரு பகுதி பொட்டாசியத்தோடு உப்பாகச் சேர்ந்திருக்கிறதே, அது எரிந்தபின் மிஞ்சுவது பொட்டாசியம் பைகார்பனேட். சமையல் சோடாவுக்கு அது நெருங்கிய உறவு. அப்படியாக நாக்கில் அமிலமாக இருந்த பழம் சிறுநீரகத்துக்குப் போய்ச் சேரும்போது காரமாகிவிடுகிறது.

இதை முதலில் உணவைக் கொளுத்திச் சாம்பலாக்கித்தான் கண்டுபிடித்தார்கள். சாம்பலில் கந்தகம், பாஸ்பரஸ், குளோரின் மிகுந்தால் அமிலப் பக்கம். பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம் மிகுந்தால் காரப் பக்கம். அமெரிக்கர்களான ஹென்றி ஷெர்மனும் அலெக்சாண்டர் கெட்லரும் 1912இல் இப்படி ஒரு வரவு செலவுக் கணக்கை வெளியிட்டார்கள். இந்தக் கெட்லர் பின்னாளில் நியூயார்க்கின் தலைமை நச்சியலாளராகி, பல கொலை வழக்குகளில் விஷத்தைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றார். சாம்பல் கணக்கில் ஒரு குறை இருந்தது. அடுப்பில் எரிவது வேறு, குடலில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பது வேறு. 1995இல் ஜெர்மனியின் டார்ட்முண்ட் நகரில் தாமஸ் ரேமரும் ஃப்ரீட்ரிக் மான்ஸும் அந்தக் குறையைச் சரிசெய்து, ஒவ்வோர் உணவும் 100 கிராமுக்குச் சிறுநீரகத்தின்மேல் எவ்வளவு அமிலச் சுமையை ஏற்றும் என்று பட்டியலிட்டார்கள். அந்தக் கணக்கில் இறைச்சிக்குச் சராசரியாக 9.5 அலகு. பசலைக்கீரைக்குக் கழித்தல் 14. உலர் திராட்சைக்குக் கழித்தல் 21. முட்டை மஞ்சள்கருவுக்கு 23.4. பார்மேசான் பாலாடைக்கட்டிக்கு 34.2! கறியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் பாலாடைக்கட்டியைப் பற்றி வாயே திறப்பதில்லை. சோற்றையும் மறந்துவிடுகிறார்கள். பட்டை தீட்டாத அரிசிக்கு 12.5, தீட்டிய அரிசிக்கு 4.6, இரண்டுமே அமிலப் பக்கம்தான்.

இனிப் பச்சையா, வெந்ததா என்ற கேள்வி. கந்தகம் ஒரு தனிமம். அடுப்பின் சூடு தனிமத்தை அழிக்காது. கறி வேகும்போது மணமாகப் பறந்துபோகும் கந்தகம் மிகச் சொற்பம். கொதிக்கும் தண்ணீரில் கொஞ்சம் பொட்டாசியமும் பாஸ்பரஸும் இறங்கும். குழம்பையும் ஊற்றிச் சாப்பிட்டால் அதுவும் வயிற்றுக்குள்தான் போகிறது. ஆக, அரைக் கிலோ கறியில் பிறக்கும் அமிலம் அதைப் பச்சையாகத் தின்றாலும் சுக்கா வறுவலாகத் தின்றாலும் ஏறத்தாழ ஒன்றே.

தட்டில் இருக்கும் கறியின் பிஎச்சைத்தான் பார்க்க வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், கணக்கு அவர்களுக்குப் பாதகமாகத்தான் முடியும். உயிரோடிருக்கும் விலங்கின் தசையில் பிஎச் 7க்குச் சற்று மேலே. அறுத்த பிறகு தசைக்கு ஆக்சிஜன் வராது. ஆனாலும் அதில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரை உடைந்துகொண்டே இருக்கும். லாக்டிக் அமிலம் தேங்கும். ஒரு நாளில் மாட்டுக்கறியின் பிஎச் 5.5 அளவுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கினால்தான் கறி நன்றாகச் சிவந்து, கெட்டுப்போகாமல் நிற்கும். அறுப்பதற்கு முன் விலங்கு மிரண்டு ஓடிக் களைத்திருந்தால் சர்க்கரை தீர்ந்துபோய் அமிலம் போதாமல், கறி கருத்துப் பிசுபிசுக்கும். இறைச்சிக்கூடங்களில் கறிக்குள் பிஎச் மானியின் முனையைக் குத்திப் பார்ப்பது இதற்காகத்தான். இந்தக் கறியை வேகவைத்தால் பிஎச் சற்று ஏறுகிறது. அதாவது இரண்டில் சற்றுக் கூடுதலாக அமிலமாக இருப்பது பச்சைக் கறிதான். அதனால் உடலுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்பது வேறு விஷயம். இரைப்பையின் அமிலத்துக்கு முன்னால் 5.5 ஒரு பொருட்டே அல்ல.

பச்சைக் கறியை முழுதாக விழுங்கும் ஓர் உயிரினத்தைப் பார்ப்போம். மலைப்பாம்பு வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். அப்போது அதன் இரைப்பையில் அமிலம் சுரப்பதே இல்லை. பிஎச் 7 அளவில் கிடக்கும். இரையை விழுங்கிய ஒன்றிரண்டு நாளில் அது 2க்கும் கீழே விழுகிறது. எலும்போடும் ரோமத்தோடும் ஒரு பிராணியைக் கரைக்க அவ்வளவு அமிலம் வேண்டும். இந்த அமிலத்தை இரைப்பை எங்கிருந்து எடுக்கிறது? ரத்தத்திலிருந்து. அமிலத்தை இரைப்பைக்குள் தள்ளும் ஒவ்வொரு முறையும், எதிர்ப்பக்கத்தில் அதே அளவு பைகார்பனேட் ரத்தத்துக்குள் போகிறது. ஆகவே கறி விழுங்கிய உடனே ரத்தம் போக முயல்வது காரப் பக்கம்! இதைக் 'கார அலை' என்று சொல்லலாம். முதலைகளில் இந்த அலை பெரிது. மலைப்பாம்பின் ரத்தத்திலும் பைகார்பனேட் தெளிவாக ஏறுகிறது. ஆனால் பிஎச் அசைவதில்லை. பாம்பு தன் தேவையோடு ஒப்பிட்டால் மூச்சைக் குறைத்துக்கொள்கிறது; வெளியே போக வேண்டிய கரியமில வாயு ரத்தத்தில் தங்கி, கூடிய காரத்தைச் சமன் செய்துவிடுகிறது.

மனிதர்களிடமும் சிறிய அளவில் இந்த அலை உண்டு. சாப்பாட்டுக்குப் பின் சிறுநீரின் அமிலம் குறைகிறது என்பதை லண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் 1840களிலேயே கவனித்தார். பச்சைக் கறி தின்று ஒரு மணி நேரத்தில் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்து 'காரம்' என்று மகிழ்கிறவர், மறுநாள் விடியற்காலையிலும் நனைத்துப் பார்க்க வேண்டும். கந்தகம் எரிந்து முடிந்தபின் அதே கறி வேறு பதில் சொல்லும்.

பிறந்த அமிலம் ரத்தத்தைக் கெடுக்காமல் எப்படி வெளியேறுகிறது என்பதைக் குடும்பச் செலவாக வைத்துப் பார்க்கலாம். திடீரென்று ஒரு செலவு வந்தால் வீட்டில் கைச்செலவுக்கு வைத்திருக்கும் பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம். வீட்டு நடப்பு குலையாது. ரத்தத்தில் அந்தக் கைப்பணம் பைகார்பனேட். அமிலம் வந்ததும் அதைப் பிடித்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடுகிறது. இப்படி அமிலமோ காரமோ வந்து சேர்ந்தாலும் பிஎச்சை அதிகம் அசையவிடாத கரைசலைப் பாடப்புத்தகங்கள் 'தாங்கல் கரைசல்' என்கின்றன. ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினும் தாங்கிக்கொள்ளும் வேலையைச் செய்கிறது. வாயுவை நுரையீரல் அந்தந்த நொடியே வெளியே அனுப்புகிறது. ஆனால் செலவழிந்த கைப்பணத்தை யாராவது மறுபடி நிரப்ப வேண்டுமே? அது சிறுநீரகத்தின் பொறுப்பு. அது அமிலத்தைச் சிறுநீரில் தள்ளி, ஒவ்வோர் அமிலத் துகளுக்கும் ஈடாக ஒரு பைகார்பனேட்டைப் புதிதாக ரத்தத்தில் போடுகிறது. சிறுநீர் அமிலமாக இருக்கிறது என்றால் பாக்கி கட்டியாகிவிட்டது, ரசீது கையில் இருக்கிறது என்று பொருள். அந்த ரசீதைப் பார்த்து 'ஐயோ, இந்த வீடு கடனில் மூழ்கிவிட்டது' என்று அலறுவதைத்தான் சோதனைத் தாள்காரர்கள் செய்கிறார்கள்.

அளவுகளையும் பார்த்துவிடுவோம். நாம் மூச்சில் விடும் கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம். ரேமர், மான்ஸ் பட்டியலின் அதே அலகில் சொன்னால், ஒரு நாளில் உடல் இப்படி உண்டாக்கி வெளியேற்றுவது சுமார் 15,000 அலகு. உணவின் கந்தகமும் பாஸ்பரஸும் தரும் அமிலமோ, வழக்கமான கலப்பு உணவில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஓர் அலகு. எழுபது கிலோ ஆளுக்கு எழுபது. அரைக் கிலோ கறி தருவது ஐம்பது அலகுக்கும் கொஞ்சம் குறைவு. கறி மட்டுமே தின்று அமிலம் இரண்டு மூன்று மடங்கானாலும் நல்ல சிறுநீரகம் சில நாளில் ஈடுகொடுத்துவிடும். குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து அம்மோனியா தயாரித்து, அதில் அமிலத்தை ஏற்றி அம்மோனியமாக அனுப்புவது அதன் வழி. இந்த உற்பத்தியை அது பல மடங்கு கூட்டிக்கொள்ளும்.

இது வெறும் கணக்கு அல்ல, மனிதரிடம் சோதித்தும் பார்த்தார்கள். வில்ஹியால்மர் ஸ்டெஃபான்சன் கனடாவில் பிறந்த துருவப் பயணி. வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, அவர்களைப் போலவே மீனும் இறைச்சியும் மட்டும் தின்று நலமாக இருந்ததாகச் சொன்னார். நியூயார்க் மருத்துவர்கள் நம்பவில்லை. செய்து காட்டு என்றார்கள். 1928இல் அவரும் அவருடைய பயணத் தோழர் கார்ஸ்டன் ஆண்டர்சனும் பெல்லெவ்யூ மருத்துவமனையில் போய்ப் படுத்தார்கள். முதல் சில வாரம் வார்டில் கண்காணிப்பு, பிறகு வெளியே இருந்தபடி தொடர் பரிசோதனை, மொத்தம் ஓராண்டு. மாடு, ஆடு, பன்றி, கோழி. ஈரல், மூளை, கொழுப்பு. கறியை லேசாக வேகவைத்தார்கள். எலும்பு மச்சையைப் பச்சையாகவும் தின்றார்கள். கொழுப்பு நீக்கிய கறியை மட்டும் கொடுத்தபோது மூன்றாம் நாளே ஸ்டெஃபான்சனுக்கு வயிற்றுப்போக்கு. கொழுப்பைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. செலவில் ஒரு பகுதியை அமெரிக்க இறைச்சி வியாபாரிகள் சங்கம் ஏற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மேற்பார்வை பார்த்த யூஜீன் டுபோயிஸ் அந்நாளின் முன்னணி வளர்சிதைமாற்ற ஆய்வாளர். அளவுகள் அனைத்தும் அச்சில் இருக்கின்றன. சிறுநீரின் அமிலம் கலப்பு உணவில் இருந்ததைப்போல் இரண்டு மூன்று மடங்கானது. சர்க்கரை இல்லாமல் கொழுப்பு எரிந்ததால் கீட்டோன் என்ற அமிலப் பொருள்களும் தொடர்ந்து வெளியேறின. சிறுநீரகம் கெட்டதற்கு எந்த அடையாளமும் இல்லை. இரண்டு ஆட்கள் என்பது பெரிய எண்ணிக்கை அல்ல. ஆனால் பெர்னார்டின் முயல் சொன்னதைத்தான் இவர்களும் சொன்னார்கள்.

ரத்தத்தில் துளிகூட மாற்றமே இல்லையா என்றால், உண்டு. அமிலம் மிகுந்த உணவில் ரத்தத்தின் பைகார்பனேட் கொஞ்சம் குறைகிறது, பிஎச்சும் மயிரிழை இறங்குகிறது. 1983இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கவனமாக அளந்தபோது இது தெரிந்தது. ஆனால் எல்லாம் அந்த 7.35, 7.45 எல்லைக்குள்ளேயே. இந்த மயிரிழையைப் பிடித்துக்கொண்டுதான் எலும்பு வாதம் எழுந்தது. எலும்பில் கால்சியத்தோடு கார உப்புகள் இருக்கின்றன; ஆண்டுக்கணக்கில் அமிலம் வந்தால் உடல் எலும்பைக் கரைத்துச் சமன் செய்யும் என்று 1968இல் லான்செட் மருத்துவ இதழில் வாக்மன், பெர்ன்ஸ்டைன் என்ற இருவர் எழுதினார்கள். கேட்கப் பொருத்தமாகவே இருந்தது. புரதம் கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடுகிறது என்பது உண்மை. வடக்கு அலாஸ்காவின் இனுயிட் மக்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு எலும்பின் கனிமம் வெள்ளையர்களைவிட 10 முதல் 15 விழுக்காடு குறைவு என்று 1974இல் மேஸஸ், மாதர் இருவரும் அளந்து சொன்னபோது வாதம் இன்னும் வலுத்தது.

ஆனால் சிறுநீரில் வந்த கால்சியம் எலும்பிலிருந்துதான் வந்தது என்று எப்படித் தெரியும்? கால்சியம் அணுக்களில் எடை வேறுபட்ட வகைகள் உண்டு. அவை ஐசோடோப்புகள், தமிழில் ஓரிடத்தான்கள். ஒரு வகையை உணவில் கலந்து, இன்னொரு வகையை ரத்தத்தில் ஏற்றிப் பின்தொடர்ந்தால் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துவிடலாம். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஜேன் கெர்ஸ்டெட்டர் குழு 2005இல் இப்படிச் செய்து பார்த்தது. புரதம் கூடியபோது குடல் உணவிலிருந்து கூடுதல் கால்சியத்தை உறிஞ்சியது. சிறுநீரில் கூடியதில் பெரும்பகுதி அந்தக் கால்சியமே. 2009இல் கால்கரியின் டானிஸ் ஃபென்டன் குழு அதுவரை வந்த தரமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. உணவின் அமிலச் சுமை உடலின் கால்சியம் இருப்பைக் குறைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அலாஸ்காவின் மெலிந்த எலும்புக்கு வேறு காரணங்களைத் தேடலாம். சூரியனே தலைகாட்டாத மாதங்களும் பாலில்லாத உணவும் அங்கே உண்டு. கறியை மட்டுமே தின்கிறவருக்கு எலும்பைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கவலைப்பட வேண்டியது கால்சியப் பற்றாக்குறைக்கு. பெல்லெவ்யூவில் இருந்த இருவருக்கும் உள்ளே போனதைவிட வெளியே போன கால்சியம் அதிகம். கறியில் கால்சியம் மிகக் குறைவு.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு. சிறுநீரகம் பழுதானால் பாக்கி கட்ட ஆள் இல்லை. அமிலம் ரத்தத்தில் தங்கும். அப்போது கறியின் அளவு மெய்யாகவே பொருட்டாகும். நாள்பட்ட சிறுநீரக நோயின் நான்காம் கட்டத்தில் இருந்தவர்களுக்கு ஓராண்டு பழமும் காய்கறியும் கொடுத்தால் சோடா மாத்திரையைப் போலவே ரத்தத்தின் பைகார்பனேட் ஏறியதை 2013இல் வெளியான டெக்சாஸ் ஆய்வு காட்டியது. ஆனால் இதை வீட்டில் தானாகச் செய்யக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. யூரிக் அமிலக் கல் வருகிறவர்களுக்கும் அமிலச் சிறுநீர் ஆகாது. சோதனைத் தாள் உண்மையில் பயன்படுவது அவர்களுக்குத்தான். நீரிழிவுக்கு டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் சோற்றை அடியோடு விட்டுவிட்டுக் கறிக்கு மாறினால் கீட்டோன் கட்டுமீறி ரத்தமே அமிலமாகலாம். ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே இது வரும் என்பதால் கண்டுபிடிக்கத் தாமதமாகும். பாலூட்டும் தாய்மார்களிடமும் கடும் மாவுச்சத்துக் கட்டுப்பாட்டால் இது நேர்ந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த இறைச்சி உணவுமுறையிலும் இறங்க வேண்டாம்.

பச்சைக் கறியின் உண்மையான அபாயம் அமிலமே அல்ல, அதில் உயிரோடு இருக்கும் கிருமிகளும் புழுக்களும். 'இரைப்பை அமிலம் எல்லாவற்றையும் கொன்றுவிடும்' என்று பச்சைக் கறிக்காரர்கள் சொல்வார்கள். கனடாவில் கியூபெக் மாகாணத்தின் வடக்கே நுனாவிக் என்ற பகுதி இருக்கிறது. அங்குள்ள இனுயிட் மக்கள் வால்ரஸ் என்ற கடல்விலங்கின் கறியைப் பச்சையாகவும் புளிக்கவைத்தும் உண்பார்கள். வால்ரஸின் தசையில் டிரிக்கினெல்லா என்ற புழுவின் குடம்பி சுருண்டு கிடக்கும். இந்தப் புழுவின் வடதுருவ வகை உறைபனியிலும் சாகாது. அதனால் வேட்டைக்காரர்கள் வால்ரஸின் நாக்கை வெட்டி கூஜுவாக் ஊரில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். முடிவு தெரிந்த பிறகுதான் கறியைப் பச்சையாகத் தின்னலாமா என்று முடிவு செய்கிறார்கள். இந்தப் புழுவைத் தேடும் ஆய்வுக்கூட முறை என்ன தெரியுமா? தசையைப் பெப்சின் நொதியிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் ஊறவைப்பார்கள். அதாவது இரைப்பையில் நடப்பதைக் கண்ணாடிக் குடுவையில் நடத்துவார்கள். தசை கரைந்துபோகும். குடம்பிகள் கரையாமல் உயிரோடு அடியில் தங்கும்; நுண்ணோக்கியில் நெளிவதைப் பார்க்கலாம். இரைப்பை அமிலம் இந்தப் புழுவைக் கொல்வதில்லை, விடுதலை செய்கிறது. கறியை நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள்.